டாக்டர் இல்லாத ஜெர்கின்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? மெஷின் முன்னால் மணிக்கணக்காகக் குனிந்திருக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள். அண்ணன் உடம்பு எப்படி? இன்னும் பஸ்ஸுக்கு அடியில் ஈரத் தரையில் படுத்துத்தான் வேலை பார்க்கிறாரா?

ஒரு செய்தி இருக்கிறது. இவளுடைய லிஃப்ட் கம்பெனி இவளை வெளிநாட்டுக்கு அனுப்புகிறது. அங்கே புதிதாகக் கட்டும் மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் மாட்ட வேண்டுமாம். நானும் போகிறேன். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை எந்த ஊரிலும் கிடைக்கும். ஜூலை ஆரம்பத்தில் கிளம்புகிறோம். போனால் நாலைந்து வருடத்துக்குத் திரும்ப முடியாது.

அதற்கு முன்னால் நம் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும். எங்கேயோ ரூம் எடுத்துத் தங்கி, அண்ணன் டிப்போவுக்குப் போன நேரம் பார்த்து உங்களைப் பார்த்துவிட்டு ஓடுவதெல்லாம் எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் என்னைத் தூக்கி வளர்த்த வீட்டுக்குள் இவளைக் கூட்டிக்கொண்டு நுழைய வேண்டும். ஆறு வருடமாக மனதில் இருப்பது இது ஒன்றுதான். நீங்கள்தான் அண்ணனிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று, கேட்டால் சிரிப்பீர்கள். நம் ‘தூரக்கோள்’ விண்கப்பல் சீரியல்காரர்கள் இப்போது வானவில் கோப்பை விற்கிறார்கள். மெக்கானிக்கும் டாக்டரம்மாவும் கைகோத்து நிற்கும் படம் போட்டிருக்கிறது. பெண்ணும் பெண்ணுமாக வாழும் எங்களைப் போன்றவர்களை ஜூன் மாதம் வானவில் கொடி பிடித்துக் கொண்டாடுவார்களாம், அதற்காக இப்போதேவாம். சீரியலில் ஒரு தடவையாவது கைகோத்தார்களா? கடை வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். இவள் பேசாமல் உள்ளே போய் ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். திட்டிக்கொண்டே தினமும் அதில்தான் டீ குடிக்கிறேன்.

பதில் எதிர்பார்க்கும்,
உங்கள் வாலு

மார்ச் 2

அன்பு வாலுவுக்கு,

அண்ணி எழுதுவது. நாங்கள் நலம். முதுகு அது பாட்டுக்கு வலிக்கிறது, நான் பாட்டுக்குத் தைக்கிறேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்டுகொள்வதில்லை. உன் கடிதத்தை வாசல் காவலாளி பத்திரமாகக் கொடுத்தார். கம்பெனிக்கே எழுது, வீட்டுக்கு வேண்டாம்.

நீ கோப்பை கதை சொன்னாய். என் கதையைக் கேள். எங்கள் லைனுக்கு ஒரு மாதமாக அதே சீரியல் ஜெர்கின்தான் வந்தது. மழைக்குப் போடுகிற கனத்த துணி, உள்ளே நல்ல லைனிங். முதுகில் மெக்கானிக்கும் டாக்டரும். இரண்டு பேரையும் தனித்தனியாகத் துணியில் வெட்டித் தைத்து, கை சேர்கிற இடத்தில் மட்டும் ஒரே ஓட்டமாக மெஷின் விட வேண்டும். அந்த இடம்தான் கஷ்டம். கீழே ஆறு நிறப் பட்டை. எல்லாம் தைத்து, பெட்டியில் அடுக்கி, லாரி வருகிற நேரத்தில் சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பட்டையைத் தலைகீழாக வைத்துத் தைத்திருக்கிறோமாம். சிவப்பு மேலே வர வேண்டுமாம், நாங்கள் ஊதாவை மேலே வைத்துவிட்டோம். வானவில்லுக்குத் தலை எது, கால் எது என்று எங்கள் லைனில் யாருக்குத் தெரியும்?

மொத்தச் சரக்கும் திரும்பிவிட்டது. கழுத்து லேபிளை வெட்டிவிட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று. மெக்கானிக்கின் முகத்தைத் தைக்கும்போதெல்லாம் உன் ஞாபகம்தான். கல்யாணமாகி வந்த புதிதில், நாம் மூன்று பேரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்போமே. டாக்டர் வந்தால் நீ முன்னால் நகர்வாய், இன்ஜின் அறை வந்தால் உன் அண்ணன் முன்னால் நகர்வார். எனக்கு உங்கள் இரண்டு பேர் தலைதான் தெரியும்.

உன் அண்ணன் நலம். டிப்போவில் ஆள் குறைத்திருப்பதால் வேலை அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

இருவரும் சௌக்கியம். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா? உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வானவில்லைத் தலைகீழாகத் தைத்தவர்களுக்கு அவள் சார்பில் ஒரு வணக்கம்.

உண்மையில் அந்தச் சீரியல்காரர்கள் செய்ததைவிட நீங்கள் செய்தது ஒன்றும் பெரிய தப்பில்லை. எத்தனை வருடம் இழுத்தார்கள். மெக்கானிக் காய்ச்சலில் கிடந்தால் டாக்டர் இரவெல்லாம் விழித்திருப்பாள். டாக்டர் வேறு கப்பலுக்குப் போனால் மெக்கானிக் அவள் நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டாள். அடுத்த வாரம் சொல்லிவிடுவார்கள், அடுத்த வருடம் சொல்லிவிடுவார்கள் என்று நான் காத்துக் கிடந்தேன். பதினாறு வயதில் எனக்கு என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொடுக்க வேறு யார் இருந்தார்கள்? கடைசியில் டாக்டரைக் கேப்டனுக்குக் கட்டிவைத்தார்கள். மெக்கானிக் இன்ஜின் அறை விபத்தில் செத்துப்போனதாக யாரோ வந்து ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் பிணத்தைக்கூடக் காட்டவில்லை. இப்போது இரண்டு பேரையும் கைகோக்க வைத்துக் கடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

ஆனாலும் சொல்கிறேன் அண்ணி, அந்தக் கோப்பையை முதன்முதலில் பார்த்தபோது அழுதுவிட்டேன். திட்டினது எல்லாம் அதற்குப் பிறகுதான். ஏமாற்றினவனே கொண்டுவந்து கொடுத்தாலும், கேட்ட பொருள் கேட்ட பொருள்தானே. என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

நான் கேட்டதற்கு நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும். கேட்டீர்களா?

அன்புடன்,
வாலு

ஏப்ரல் 6

அன்பு வாலுவுக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. ஓவர்டைம்.

உனக்குச் சந்தோஷமான ஒன்று சொல்கிறேன். ஜெர்கினைப் பீரோவுக்குள் மடித்து வைத்திருந்தேன். ஏதோ தேடும்போது உன் அண்ணன் கண்ணில் பட்டுவிட்டது. நான் பக்கத்தில் ஓடிப்போய் நின்றேன். அவர் விரித்துப் பார்த்தார். “அட, நம்ம மெக்கானிக்”னு ஒரு சிரிப்பு. அப்படி அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாகிறது தெரியுமா. “இத்தனை வருஷம் இன்ஜினைப் பாத்தவளுக்கு ஒரு சாவுகூட ஒழுங்காக் காட்டலை, படுபாவிங்க. இப்பவாவது படம் போடணும்னு தோணிச்சே”ன்னு சொன்னார். மாட்டிப் பார்த்தார், தோளுக்குக் கச்சிதமாக இருந்தது. மறுநாளே டிப்போவுக்குப் போட்டுக்கொண்டு போய்விட்டார். இப்போது தினமும் அதுதான். துவைக்கக் கழற்ற மாட்டேன் என்கிறார்.

பட்டையைப் பார்த்து, “கலர் நல்லாத்தான் இருக்கு”ன்னு மட்டும் சொன்னார்.

தெருவில் அவர் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். முதுகில் அந்த இரண்டு பேரையும் சுமந்துகொண்டு போகிறார். என் மனதில் என்னவோ தோன்றுகிறது. நல்ல நேரம் பார்த்துப் பேச்செடுக்கிறேன். அவசரப்பட்டால் காரியம் கெட்டுவிடும்.

அந்தப் பிள்ளைக்கும் உடம்பு நலம்தானே? உயரத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவள், கவனமாக இருக்கச் சொல்.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணிக்கு,

அந்தப் பிள்ளை நலம். நானும் நலம். ஆறு வருடத்தில் முதன்முறையாக அவளை விசாரித்திருக்கிறீர்கள். அந்த வரியை அவளிடம் படித்துக் காட்டினேன். சமையலறைக்குள் போய் ஏற்கெனவே கழுவின பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள்.

அண்ணன் ஜெர்கின் விஷயத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கு அது என்ன படம் என்று தெரியாது, அவ்வளவுதான். எங்களை வீட்டுக்குள் விடாதவர் எங்கள் கொடியை முதுகில் போட்டுக்கொண்டு ஊர் முழுக்க நடக்கிறார் என்று நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. கொஞ்ச நேரம் கழித்து, தெரிந்தால் மட்டும் என்ன, அவருக்குப் பிடித்த மெக்கானிக் அவள், ஒருவேளை அவளுக்காகவாவது யோசிப்பார் என்று தோன்றுகிறது. ஆறு வருடத்துக்கு முன்னால் நான் அவரிடம் இவளைப் பற்றிச் சொன்ன அன்று அவர் டிவியைத் திருப்பிவைத்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிளம்பும்வரை திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். இல்லை, வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் போட்டுக்கொண்டிருக்கட்டும். எதற்கும் நீங்களே பார்த்துச் செய்யுங்கள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

அன்புடன்,
வாலு

மே 10

அன்புள்ள அண்ணிக்கு,

நலம்தானே? பதில் வரவில்லை. தபால் தவறிவிட்டதோ என்று இதை எழுதுகிறேன். இங்கே பாதி சாமான் கட்டியாகிவிட்டது. ஜூன் கடைசியில் வருவதாக இருந்தால் இப்போதே டிக்கெட் எடுக்க வேண்டும். அண்ணனுக்குக் கொடுக்க இவள் ஒரு நல்ல டார்ச் லைட் வாங்கி வைத்திருக்கிறாள், தலையில் மாட்டிக்கொள்வது. பஸ்ஸுக்கு அடியில் படுக்கும்போது இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும் என்றாள்.

இரண்டு வரி போதும்.

வாலு

மே 29

அன்பு வாலுவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். இரண்டு கடிதமும் வந்தன. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

டிப்போவில் புதிதாக வந்த கிளார்க் ஒருவர் ஜெர்கினைப் பார்த்துவிட்டு எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார், “என்னண்ணே, நீங்க அந்தக் கட்சியா?”ன்னு. உன் அண்ணனுக்குப் புரியவில்லை. அந்த ஆள் போனில் படம் காட்டி விளக்கியிருக்கிறார். அன்று முழுக்கச் சிரித்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் ஆளுக்கொரு பேர் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து ஜெர்கினைக் கழற்றி மேசை மேல் வைத்தார். “இது என்ன படம்னு உனக்குத் தெரியுமா?”ன்னு கேட்டார். தெரியும் என்றேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. வாய் திறந்ததும் மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். நீ வெளிநாடு போவது, கம்பெனிக்குக் கடிதம் வருவது, நீங்கள் இரண்டு பேரும் வர ஆசைப்படுவது, எல்லாம். அவர் கத்தவில்லை. ஜெர்கினைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பிறகு என் தையல் டப்பாவை எடுத்து வந்து முன்னால் வைத்தார். “நல்ல துணி, வீணாக்க வேண்டாம். டாக்டரை எடுத்துடு. பட்டையையும் எடுத்துடு. மெக்கானிக் இருக்கட்டும். அவ என்ன பண்ணினா, பாவம்” என்றார்.

எடுத்தேன் வாலு. பிரிக்கும்போது ஒவ்வொரு நூலும் நான் போட்ட நூல். பட்டை சுலபமாக வந்துவிட்டது. டாக்டரும் வந்துவிட்டாள். கை மட்டும் வரவில்லை. அங்கேதான் இரண்டையும் சேர்த்துத் தைத்திருக்கிறதே, ஒன்றை இழுத்தால் இன்னொன்று கிழிகிறது. மெக்கானிக் கையைப் பிடித்தபடி டாக்டரின் கை மட்டும் தனியாக நின்றது. அவரிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “அது மேல ஒரு துணி வச்சுத் தச்சுடு” என்றார். தைத்துவிட்டேன். மறுநாள் போட்டுக்கொண்டு போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லையாம்.

அதற்குப் பிறகு நான்கு நாள் கழித்து அவரே சொன்னார். “வாலுவை வரச் சொல்லு. இது அவ வீடு. யார் வேண்டாம்னு சொன்னா? அவ மட்டும் வரட்டும்.” ஆறு வருடம் கழித்து அவர் வாயிலிருந்து உன் பேர் வந்திருக்கிறது. வந்துவிடு கண்ணு. தனியாகவாவது வா. அந்தப் பிள்ளை புரிந்துகொள்ளும், நல்ல பிள்ளையாகத்தான் தெரிகிறாள்.

அன்புடன்,
அண்ணி

ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

உடல் நலத்துக்குக் குறைவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?

உங்கள் கடிதத்தை மறைத்து வைக்க நினைத்தேன். இவள் பார்த்துவிட்டாள். படித்துவிட்டு, “நீ போய்ட்டு வா. நான் ஸ்டேஷன் வரைக்கும் வர்றேன், அங்க டீக்கடையில உக்காந்திருக்கேன், ரெண்டு நாள்தானே” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே உட்கார்ந்திருப்பாள். அதைக் கேட்டதும் எனக்கு முடிவாகத் தெரிந்துவிட்டது. நான் வரவில்லை.

அண்ணி, உங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் இருக்கிறது. ஜெர்கினில் டாக்டரைப் பிரித்துவிட்டு எழுந்த அதே கையோடுதான் தனியாக வா என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வேலை என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? சீரியல்காரர்கள் எங்களைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள், பிறகு விற்பதற்காகச் சேர்த்தார்கள். அண்ணன் அவ்வளவு மோசமில்லை. அவர் எதையும் விற்கவில்லை. ஒருத்தியைப் பிடிக்கும், அவளை மட்டும் வைத்துக்கொள்கிறார். பாதி கொடுத்தால் போதும் என்று அவர் மனதார நம்புகிறார்.

என்னைத் தனியாகப் பிரித்து எடுத்தால் நானும் கிழிந்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அல்லது ஒன்றும் சொல்லாதீர்கள். வேலை அதிகம், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுங்கள். ஜூலை 3 கிளம்புகிறோம். அவருக்கு வாங்கின டார்ச் லைட்டைத் தனியாகத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் வாங்கினதாகவே இருக்கட்டும்.

வாலு

ஜூன் 20

தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொண்டது.

இங்கு நான், உன் அண்ணி இருவரும் நலம். உன் நலத்துக்கு எழுது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்.

டார்ச் லைட் வந்து சேர்ந்தது. நல்ல பொருள். பார்த்து வாங்கியிருக்கிறாய். கியர்பாக்ஸ் அடியில் ஊசி விழுந்தாலும் தெரிகிறது. டிப்போவில் எல்லோரிடமும் என் தங்கை அனுப்பியது என்று காட்டினேன்.

லீவு இல்லை என்று அண்ணி சொன்னாள். பரவாயில்லை. நீ வருவாய் என்று நினைத்து உன் அறைக்கு வெள்ளை அடித்திருந்தேன். மேலே மழை ஒழுகின இடத்தை அடைத்தாயிற்று. பழைய கட்டில் ஆடிக்கொண்டிருந்தது, புதிதாக ஒற்றைக் கட்டில் ஒன்று போட்டிருக்கிறேன். ஒரு ஆளுக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. எத்தனை வருடம் கழித்து வந்தாலும் அப்படியே இருக்கும், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

புது ஊரில் கவனமாக இரு. தெரியாத இடத்தில் தனியாக இருக்கப் போகிறாய். கதவை நன்றாகப் பூட்டிக்கொள். பணம் வேண்டுமானால் கூச்சப்படாமல் கேள். சின்ன வயதில் உனக்குச் சளி சீக்கிரம் பிடிக்கும், தலையை நனைக்காதே.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இனி வீட்டு விலாசத்துக்கே எழுது.

அண்ணன்

ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் இங்கே நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கடிதம் கிளம்புகிற வாரத்தில் வந்தது. பையிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். பலமுறை படித்தேன்.

பயணம் சௌகரியமாக இருந்தது. வீடு சின்னது, எனக்குப் போதும். நாலாவது மாடி, லிஃப்ட் நன்றாக ஓடுகிறது. வந்த அன்றே குழாய் ஒழுகியது, இப்போது சரியாகிவிட்டது. கதவுப் பூட்டும் தகராறு செய்தது, அதுவும் மாற்றியாயிற்று. பூட்டிக்கொண்டுதான் படுக்கிறேன், நீங்கள் கவலைப்பட வேண்டாம். கண்ணாடிக் கடை ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மாலையில் வந்து சமைத்துச் சாப்பிட்டு, டிவி பார்த்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

போன வாரம் லேசாகக் காய்ச்சல் வந்தது. இரவெல்லாம் விழித்திருந்து நெற்றியில் ஈரத்துணி மாற்றி மாற்றிப் போட்டதில் குறைந்துவிட்டது.

இங்கே எனக்கு யாரையும் தெரியாது. போகப் போகப் பழகிவிடும். என் அறையைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு நன்றி அண்ணா. வரும்போது சொல்கிறேன்.

அன்புள்ள தங்கை